வவுச்சர் இருக்கு... குரல் எங்கே?

மூன்று மாதம்.

ஒரு கிராமத்து மனுஷரின் குரலுக்கு நம்ம சட்டதிட்டம் நிர்ணயித்திருக்கிற ஆயுள் அவ்வளவுதான். 2006-ல் மத்திய அரசு வெளியிட்ட சமுதாய வானொலிக் கொள்கையைப் புரட்டிப் பாருங்கள். தொண்டு நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் அந்தந்த ஊர் மக்களை வைத்து நடத்துகிற குட்டி ரேடியோக்களுக்கான கொள்கை அது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்றுத் தயாரித்ததாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். கூடவே, ஒலிபரப்பான நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகா, என்ன அக்கறை என்று உருகிவிடாதீர்கள். ஞாபகத்துக்காக வைத்த விதி இல்லை இது. கண்காணிப்புக்காக வைத்த விதி. ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால் எடுத்துக் கேட்க வேண்டுமே, அதற்காக. தொண்ணூறு நாள் தாண்டிவிட்டால் அழித்துவிடலாம். ஏன் அழித்தாய் என்று கேட்க ஆள் கிடையாது.

இப்போது ஒரு பஸ் பிடித்து உத்திரமேரூர் போங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. ஊர்ச்சபைக்குக் குடவோலையில் ஆள் எடுப்பது எப்படி, யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று வரிவரியாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1,100 வருஷம் ஆச்சு. இன்றைக்கும் படிக்க முடிகிறது. 2020 டிசம்பரில் புதிய பார்லிமென்ட் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அங்கிருந்து வந்தவாசி ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் மானாம்பதி. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் நாளைக்கு ஒரு சமுதாய ரேடியோவில் ஏரிப்பாசனம் பற்றிப் பேட்டி கொடுத்தால், அதற்கு உத்தரவாதமான ஆயுள் மூன்று மாதம். பக்கத்து ஊர்க் கல்லுக்கு 1,100 வருஷம். இந்த ஊர்க் குரலுக்கு 90 நாள். இதற்குப் பெயர் வளர்ச்சியா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கல்வெட்டில் யாருக்கு இடம் கிடைத்தது? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதமும் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களின் முடிவுகள்தான் கல்லில் ஏறின. அந்த நிலத்தில் நாற்று நட்டவள் பெயர் அதில் இல்லை. ஏரி மதகைத் திறந்து மூடின நீர்க்கட்டி என்ன நினைத்தான் என்று அதில் இல்லை. ராத்திரி முழுக்கக் கூத்தாடினவனின் பாட்டு இல்லை. கல்லும் செப்பேடும் ஓலையும் காகிதமும் எழுதத் தெரிந்தவன் பக்கம்தான் நின்றன. எழுதத் தெரியாதவனையும் அவன் வாயாலேயே பேச வைத்துப் பிடித்து வைக்க முதன்முதலாக வந்த கருவி ஒலிப்பதிவு. ஆயிரம் வருஷம் கழித்து நீதி கிடைக்கிற மாதிரி வந்தது. அதையும் அழித்துத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

*

காஞ்சிபுரம் நாயனா பிள்ளை என்று ஒரு மகா வித்வான் இருந்தார். லய விவகாரத்தில் புலி. பக்கவாத்தியக்காரர்களை மேடை நிறைய உட்கார வைத்துக் கச்சேரி செய்தவர். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் குரு. சிறுமியாக அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் டி.கே.பட்டம்மாள். நாயனா பிள்ளை கிராமபோன் தட்டில் பாட மறுத்தவர். 1934-ல் காலமானார். அவர் எப்படிப் பாடினார் என்று சொல்ல இன்றைக்கு வெறும் வர்ணனைகள்தான் உண்டு. வர்ணனையை வைத்துக்கொண்டு ராகத்தைக் கேட்க முடியுமா?

சென்னையில் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் தொடங்கியது 1938 ஜூன் 16-ம் தேதி. எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில், திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையின் நாதஸ்வரத்தோடு. நாயனா பிள்ளைக்கும் ரேடியோவுக்கும் நடுவே நாலு வருஷ இடைவெளி. அந்த நாலு வருஷத்தில் தொலைந்ததைக் காலத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பாரதியின் குரல் நம்மிடம் இல்லையே என்று வருத்தப்படலாம், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால், ரேடியோ வந்த பிறகு தொலைந்தது எல்லாம் நம்ம கணக்கு. அதைக் காலத்தின் தலையில் கட்ட முடியாது.

என்னவெல்லாம் நடந்த இடம் அது! தி.ஜானகிராமன் வேலை பார்த்த இடம். அகிலன் வேலை பார்த்த இடம். மீ.ப.சோமு, சுகி சுப்பிரமணியம் என்று எழுத்தாளர்களின் ஒரு வரிசையே மாதச் சம்பளம் வாங்கிய இடம். ஓவியரும் பாடகருமான எஸ்.ராஜம் சங்கீதப் பிரிவில் இருந்தார். 1939-ல் திருச்சி நிலையமும் வந்தது. அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்துக்கு விவசாயிகளே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரேடியோவில் கேட்டுக் கேட்டே அதைப் பயிர் செய்தார்கள். ஒரு நெல்லுக்கே பெயர் மாற்றிவிட்ட பேச்சு அது! அந்தப் பேச்சைப் பேசியவர்கள் யார், எந்த ஊர் விவசாயி என்ன சந்தேகம் கேட்டார், அதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்று ஒரு காலேஜ் பையன் இன்றைக்கு உட்கார்ந்து கேட்க ஆசைப்பட்டால், எந்தக் கதவைத் தட்ட வேண்டும்?

தென்கச்சி கோ.சுவாமிநாதன் ரேடியோவுக்கு வந்ததே விவசாய நிகழ்ச்சிகள் வழியாகத்தான். பிறகு 'இன்று ஒரு தகவல்' மூலம் நம்ம எல்லார் வீட்டுச் சமையலறைக்குள்ளும் வந்து உட்கார்ந்தார். 2009-ல் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்ன கதைகள் இன்றைக்கும் சுற்றுகின்றன என்றால், புஸ்தகமாகவும் கேசட்டாகவும் வந்து விற்றதால்தான். வியாபாரம் ஆனது பிழைத்தது. ஆகாதது?

கொல்லங்குடி கருப்பாயியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் அறியாத நாட்டுப்புறப் பாடகி. ரேடியோவில் பாடிக்கொண்டிருந்தவர் 1985-ல் 'ஆண் பாவம்' படத்துக்கு வந்தார். தமிழ்நாடே அறிந்த முகமாகிவிட்டார். 2025 ஜூனில் இறந்தபோது எல்லா சேனல்களிலும் அந்தப் படக்காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். யோசித்துப் பாருங்கள். வயல்காட்டுப் பாட்டைக் கடைசியில் காப்பாற்றிக் கொடுத்தது, லாபத்துக்காக எடுத்த சினிமா. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ரேடியோவின் பதிவைத் தேடிப் போய் யாரும் ஒலிபரப்பவில்லை.

*

நான் பி.காம். படித்தவன். இலக்கியம், சங்கீதம் எல்லாம் எனக்குப் பாதிதான் புரியும். கணக்கு கொஞ்சம் புரியும். அதனால் கணக்காகவே பேசுகிறேன்.

மானாம்பதிப் பக்கத்திலிருந்து ஒரு கூத்து வாத்தியாரை ரேடியோவுக்குக் கூப்பிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ஆடுகிற ஆள். அர்ச்சுனன் தபசிலிருந்து பதினெட்டாம் போர் வரைக்கும் பாட்டு, வசனம் அத்தனையும் மனப்பாடம். தன் வாத்தியாரிடமிருந்து காது வழியாக வாங்கியது. நிலையத்திலிருந்து ஒப்பந்தக் கடிதம் வருகிறது. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணையோடு பஸ் ஏறி, சென்னைக் கடற்கரை ஓரத்து ஸ்டூடியோவுக்குப் போகிறார். அரை மணி நேரம் பாடுகிறார். தன் வாத்தியார் பற்றி, பழைய அடவுகள் பற்றிப் பேட்டி கொடுக்கிறார். செக் கொடுக்கிறார்கள். ஊருக்கு வந்து பஞ்சாயத்து ரேடியோ முன்னால் எல்லாரோடும் உட்கார்ந்து தன் குரலைத் தானே ஒரு தடவை கேட்கிறார். அவ்வளவுதான்.

இப்போது ஆபீஸ் கணக்கைப் பார்ப்போம். அந்த செக்குக்கு வவுச்சர் உண்டு. அவர் கையெழுத்துப் போட்ட ரசீது உண்டு. லெட்ஜரில் ஒரு வரி உண்டு. தணிக்கை அதிகாரி வந்து அதற்கு நேராக டிக் அடித்திருப்பார். ஒரு ரூபாய் குறைந்திருந்தால் நாலு பக்கத்துக்கு ஆட்சேபணை எழுதியிருப்பார். எல்லாம் சரி. பணம் கொடுத்து வாங்கின சரக்கு எங்கே சார்? அந்த அரை மணி நேரம் எங்கே?

டேப் விலை அதிகம், தட்டுப்பாடு. அதனால் ஒலிபரப்பானதும் அதன்மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிடுவார்கள். ரேடியோ நிலையங்களில் உலகம் முழுக்க இருந்த பழக்கம் இது. அதாவது, ஸ்டாக் ரிஜிஸ்டரில் டேப் என்கிற பொருளுக்குக் கணக்கு உண்டு. அந்த டேப்பில் இருக்கிற குரலுக்குக் கணக்கு கிடையாது. காலி டேப் சொத்து. கூத்துக்காரர் குரல் ஏறின டேப், அழிக்க வேண்டிய டேப். ஒரு கம்பெனி இப்படிக் கணக்கு எழுதினால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். 'கொள்முதல் காட்டியிருக்கிறீர்கள், இருப்பைக் காட்டவில்லையே' என்று முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்.

இந்தக் கொள்முதலுக்குப் பணம் கொடுத்தது யார்? எண்பதுகளின் நடுவில் நீக்கப்படும் வரைக்கும், வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் க்யூவில் நின்று ரேடியோ லைசென்ஸ் கட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டு அலமாரியில் அந்தச் சின்னப் புஸ்தகம் இன்னும் சிலரிடம் இருக்கும். அந்தக் காசுதான். அதற்குப் பிறகு வரிப்பணம். ஆக, அந்தக் குரல்களின் பங்குதாரர்கள் நாம். பங்குதாரர் கேட்டால் இருப்புக் கணக்கைக் காட்ட வேண்டாமா?

*

ஒன்றுமே காப்பாற்றப்படவில்லை என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றியிருக்கிறார்கள். யாரை என்பதுதான் கேள்வி.

1947 நவம்பர் 12-ம் தேதி காந்தி டெல்லி ஒலிபரப்பு மாளிகைக்கு நேரில் வந்து, குருக்ஷேத்திரத்தில் இருந்த அகதிகளுக்காகப் பேசினார். அந்தக் குரல் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். 1954-ல் ராஜேந்திர பிரசாத் ஜனாதிபதியாக இருந்தபோது, அவர் யோசனைப்படி பெரிய மனிதர்களின் உரைகளை எழுத்தாக்கி வைக்க ஒரு பிரிவையே தொடங்கினார்கள். நல்லது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை ஆரம்பித்தது. 'ஆகாசவாணி சங்கீத்' என்ற பெயரில் மேதைகளின் கச்சேரிகள் சி.டி.க்களாக வந்தன. 2016 ஜனவரி 26 முதல் 'ராகம்' என்று 24 மணி நேர சாஸ்திரீய சங்கீத அலைவரிசை. இதெல்லாம் செய்த ஊழியர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால், அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை படியுங்கள். தலைவர்கள், வித்வான்கள், உஸ்தாத்கள். பெரும்பாலும் அவ்வளவுதான். சபாவில் மாலை வாங்கியவர்களின் குரல், ரேடியோ இல்லாவிட்டாலும் கிராமபோனில், எல்.பி.யில், ரசிகர் வீட்டுக் கேசட்டில் எங்காவது பிழைத்திருக்கும். மானாம்பதிக் கூத்து வாத்தியாருக்கு அந்த ரேடியோ டேப் ஒன்றுதான் இருந்தது. நடவுப் பாட்டுப் பாடின கிழவிக்கு அது ஒன்றுதான். யாருக்கு வேறு வழியே இல்லையோ அவர்களைத்தான் முதலில் காப்பாற்றியிருக்க வேண்டும். நாம் தலைகீழாகச் செய்தோம்.

'பாட்டையெல்லாம்தான் புஸ்தகமாகப் போட்டுவிட்டார்களே' என்று ஒரு பதில் வரும். போட்டார்கள். பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேகரித்த பாடல்களை கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து 1958-ல் 'மலையருவி' வந்தது. நா.வானமாமலை பெரிய தொகுப்புகள் கொண்டுவந்தார். ஆனால், அச்சில் வார்த்தைதான் நிற்கும். மெட்டு நிற்காது. எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள், எந்த இடத்தில் தொண்டை கம்மியது என்று புஸ்தகம் சொல்லுமா? ஒப்பாரியைப் படிக்க முடியும், சார். படித்தால் அழுகை வராது.

*

இனி வழக்கமான சமாதானங்களுக்கு வருவோம்.

முதல் சமாதானம்: பணம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நல்ல தரத்தில், எதையும் சுருக்காமல் ஏற்றினால், ஒரு மணி நேர ஒலிக்குச் சுமார் ஒரு ஜி.பி. இடம் வேண்டும். ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு டி.பி. அது ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு ஹார்டு டிஸ்க். இரண்டு பிரதி வைத்தாலும் மூன்று பிரதி வைத்தாலும், ஓர் அரசு விழாவின் பந்தல் செலவில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. உண்மையான செலவு ஆள் செலவு. ஒரு மணி நேர டேப்பை ஏற்ற ஒரு மணி நேரம் ஓட விட்டாக வேண்டும், கூட ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், யார், எந்த ஊர், என்ன பாட்டு என்று எழுத வேண்டும். செலவுதான். ஆனால், வேலையில்லாத பட்டதாரிகள் நிறைந்த நாட்டில் அதைப் பிரச்னை என்று சொல்ல வெட்கமாக இல்லையா?

இரண்டாவது: அவசரமில்லை, மெதுவாகச் செய்வோம். டேப் மெதுவாகச் சாகாது. சூட்டிலும் ஈரத்திலும் அதன் பூச்சு பிசுபிசுத்துப் போகும். ஓட்டினால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு உரியும். பழைய அசிடேட் டேப் வினிகர் வாடை அடித்து நொறுங்கும். நம்ம கடற்கரைக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். டேப் பிழைத்தாலும் அதை ஓட்டுகிற மெஷினுக்கு ஸ்பேர் இல்லை, ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர்கள் ரிட்டயராகிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் இதையெல்லாம் கணக்குப் பார்த்து 2025 என்று ஒரு கெடுவே வைத்தது. அதற்குள் ஏற்றாத டேப்புகள் பெரும்பாலும் போனமாதிரிதான் என்றது. சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: காப்பிரைட். இதைக் கேட்டதும் எல்லாரும் வாய் மூடிக்கொள்வார்கள். சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் அவ்வளவு பயமில்லை. ஒலிபரப்பு நிறுவனத்துக்கு அதன் ஒலிபரப்பின் மீது இருக்கும் உரிமை 25 வருஷம். கலைஞரின் உரிமை 50 வருஷம். ஒலிப்பதிவின் காப்பிரைட் 60 வருஷம். அறுபதுகளின் தொடக்கத்தில் பதிவானவற்றுக்கு இந்த எல்லா வாய்தாவும் முடிந்தாயிற்று. மற்றதற்கு உரிமையாளர் பெரும்பாலும் யார்? நிலையமேதான். தன்னிடம் தானே அனுமதி வாங்க எத்தனை வருஷம் ஆகும்? உள்ளே இருக்கும் எழுத்து, இசைக்கு வேறு உரிமைகள் இருக்கலாம், கலைஞரின் வாரிசுகள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். 'உங்கள் தாத்தா குரல் எங்களிடம் இருக்கிறது, இந்தாங்க ஒரு பிரதி' என்று வாசலில் போய் நின்றால் எந்த பேரன் கேஸ் போடுவான்? வேண்டாம் என்று சொல்லும் குடும்பம் இருந்தால் அதையும் மதியுங்கள்.

நான்காவது சமாதானம்தான் எனக்குக் கோபம் வரவழைப்பது. 'யார் சார் இதையெல்லாம் கேட்கப் போறாங்க?' கல்வெட்டை மட்டும் தினமும் லட்சம் பேர் படிக்கிறார்களா? எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1670-களைச் சேர்ந்த காகிதங்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் எழுதின கடிதங்கள். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தா வைத்திருக்கிறோம்? அடுத்த நூறு வருஷத்தில் எவனோ ஒருவனுக்குத் தேவைப்படும் என்றுதான் வைத்திருக்கிறோம். காகிதத்துக்கு இருக்கிற மரியாதை ஏன் குரலுக்கு இல்லை?

*

அக்கறை இருந்தால் முடியும் என்பதற்கு உலகம் முழுக்க சாட்சி உண்டு.

க்ரியர்சன் காலத்து மொழிக் கணக்கெடுப்புக்காக 1913 முதல் 1929 வரை இந்திய மொழிகளைக் கிராமபோன் தட்டுகளில் பதிந்தார்கள். தமிழும் அதில் உண்டு. இன்றைக்கு சிகாகோ பல்கலைக்கழகத்தின் புண்ணியத்தில் வீட்டிலிருந்தே கேட்கலாம். அதே சிகாகோ துணை நின்றதால்தான் 1994-ல் ரோஜா முத்தையா நூலகம் சென்னைக்கு வந்தது. பழைய இசைத்தட்டுகளையும் அங்கே டிஜிட்டல் ஆக்கி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டில் ஒரு தனி மனிதர் சேர்த்தது அது. சர்க்கார் சேர்த்தது அல்ல.

யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிந்ததைப் பார்த்த சமூகம், 2005-ல் 'நூலகம்' என்று ஒரு டிஜிட்டல் காப்பகத்தைத் தொடங்கியது. போரும் இடப்பெயர்வும் நடக்கும்போதே, தன்னார்வலர்களை வைத்து. புஸ்தகத்தோடு நிற்காமல் ஒலியும் படமும் சேர்க்கிறார்கள். குண்டு விழுகிற இடத்தில் முடிந்தது, மெரினா காற்று வாங்குகிற இடத்தில் முடியாதா?

லண்டன் பி.பி.சி.யும் யோக்கியம் இல்லை. அறுபது, எழுபதுகளில் தன்னுடைய டேப்புகளை அழித்துத் தள்ளிய நிறுவனம்தான். 'டாக்டர் ஹூ' என்கிற பிரபலத் தொடரிலேயே எத்தனையோ பாகங்களின் படம் போய்விட்டது. ஆனால், போன பாகங்கள் எல்லாவற்றின் ஒலியும் இருக்கிறது. எப்படி? வீட்டில் டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ரசிகர்கள் பதிவு செய்திருந்தார்கள். நிலையம் தொலைத்ததை நேயர்கள் காப்பாற்றினார்கள். நம்ம ஊரிலும் அதே கதைதான். ரேடியோ கச்சேரிகளை வீட்டு ஸ்பூலிலும் கேசட்டிலும் பிடித்து வைத்த மாமாக்கள் இல்லாவிட்டால், 'சங்கீதப்ரியா' மாதிரி முயற்சிகளில் பாதி வந்திருக்காது. கூத்துக்கும் நடவுப் பாட்டுக்கும் அப்படி ஸ்பூல் வைத்திருந்த மாமா கிடையாது. அதனால்தான் அங்கே அரசாங்கம் இருந்திருக்க வேண்டும் என்கிறேன்.

நம்ம பங்கையும் பேச வேண்டும். 2023 மே மாதம் ஆல் இந்தியா ரேடியோவை இனி ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தபோது தமிழ்நாடு கொதித்தது. அரசியல் தலைவர்கள் பலரும் எதிர்த்தார்கள். வானொலி என்ற அழகான சொல் இருக்கும்போது எதற்கு இது? நியாயமான சண்டைதான். ஆனால், பெயர்ப் பலகைக்குக் கொதித்த நாம், அந்தப் பலகைக்குப் பின்னால் ரேக்கில் கிடக்கிற தமிழ்க் குரல்களுக்காக ஒரு நாள் கொதித்தோமா? 2018 டிசம்பரில் நாகபுரி தேசிய அலைவரிசையை மூடச் சொன்ன உத்தரவிலேயே, அங்கிருக்கும் ஆவண மதிப்புள்ள பதிவுகளை டெல்லிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எல்லா ரோடும் டெல்லிக்குத்தான் போகிறது. நாளைக்குத் தமிழ்நாட்டு ரேக்குகளையும் லாரியில் ஏற்றினால், என்னென்ன போனது என்று சொல்ல நம் கையில் ஒரு லிஸ்டாவது வேண்டாமா? மொழியைப் பலகையில் மட்டும் காப்பாற்றினால் போதாது. தொண்டையில் காப்பாற்ற வேண்டும்.

*

திட்டிவிட்டுப் போவது சுலபம். என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, லிஸ்ட். ஒலியைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு, புதுவை நிலையங்கள் ஒவ்வொன்றிலும் என்ன டேப் இருக்கிறது, தேதி என்ன, பேசியவர், பாடியவர் யார், எந்த ஊர், எத்தனை நிமிஷம் என்று ஒரு முழுப் பட்டியலை ஒரு வருஷத்துக்குள் வெளியிடுங்கள். மானாம்பதி என்று தட்டினால் மானாம்பதிக்காரர்கள் யார் யார் என்று வர வேண்டும்.

இரண்டு, பிரதி. ஒரே இடத்தில் பூட்டி வைப்பது பாதுகாப்பு இல்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கம்ப்யூட்டர்களையே சைபர் தாக்குதலில் முடக்கினார்கள். அவர்கள் இணையத்தில் வைத்திருந்த ஒலிப்பதிவுகள் நெடுநாள் கிடைக்காமல் போயின. ஆகவே ஒன்று டெல்லியில், ஒன்று எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், ஒன்று அந்தந்த மாவட்ட மைய நூலகத்தில். காஞ்சிபுரத்துக் குரலைக் கேட்கக் காஞ்சிபுரத்துக்காரன் டெல்லி போகக் கூடாது.

மூன்று, வரிசை. மேதைகளுக்கு முன்னால் பெயர் தெரியாதவர்கள். கூத்து, பம்பை, நடவுப் பாட்டு, விவசாயப் பேட்டி முதலில் ஏறட்டும்.

நான்கு, அந்த மூன்று மாத விதி. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-ல் தொடங்கிய நிலையம் முதல் பாம்பனில் மீனவர்களுக்காக 2016-ல் வந்த 'கடல் ஓசை' வரை எத்தனையோ சமுதாய வானொலிகள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் கேட்கிற சின்னச் சின்ன ரேடியோக்கள். அவர்கள் தலையில் செலவைக் கட்டாமல், '90 நாள் கழித்து அழி' என்பதை '90 நாள் கழித்து இங்கே அனுப்பு' என்று மாற்றுங்கள். வாங்கி வைக்க ஒரு பல்கலைக்கழகம் போதும்.

ஐந்து, பொது மன்னிப்பு. வீட்டுப் பரணில் பழைய ரேடியோ நிகழ்ச்சிக் கேசட் வைத்திருப்பவர்கள் சட்டத்துக்குப் பயந்து தூக்கிப் போடுவதற்கு முன்னால், 'கொண்டு வாருங்கள், கேள்வி கேட்க மாட்டோம்' என்று அரசாங்கம் ஓர் அறிவிப்பு கொடுக்கட்டும்.

இதில் எது நடக்காத காரியம்? எதற்கு ஐந்தாண்டுத் திட்டம் வேண்டும்?

உத்திரமேரூர்க் கல்வெட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி ஒன்று உண்டு. குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்கள் யார் என்று சொல்லும்போது அது முதலில் பிடிப்பது திருடனை அல்ல. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனைத்தான். அவன் மட்டுமில்லை, அவன் சொந்தக்காரர்களும் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பொதுச் சொத்தை நிர்வகித்தாயா, கணக்குக் காட்டு. காட்டாவிட்டால் உனக்கு அடுத்த வாய்ப்பு இல்லை. ஜனநாயகத்துக்கு உதாரணமாக அந்த ஊரைப் பார்லிமென்ட் விழாவில் சொல்கிறவர்கள், வானொலி நம்முடையது என்று மேடையில் முழங்குகிறவர்கள், இரண்டு பேருமே அந்த வரியை ஒரு தடவை படித்துவிட்டு வரட்டும்.

1938-லிருந்து வாங்கின சரக்குக்குக் கணக்கு பாக்கி இருக்கிறது.